நான்காவது மோட்டர்

தம்பி, கிணற்று மோட்டர் எத்தனை வருஷம் உழைக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். பத்து வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பதினொரு வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இரண்டு வார்த்தை பேசிய பிள்ளை, அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினாய். வவுனியாவில் காணி வாங்கியதையும், கிணறு வெட்டியதையும், கூரை போட்டதையும், ஆவணியில் துஷாந்தியோடு கல்யாணம் வைத்திருப்பதையும் சொன்னாய். "கல்யாணம் முடிஞ்சதும் நீ இங்கயே வந்துரும்மா, தனியா அங்க கெடந்து என்ன செய்யப் போற" என்றாய். நீயாகவே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். "நீ அடிச்ச, இல்லேங்கல. ஆனா நீயேதானே நிறுத்துன. நீயேதானே என்னத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுன. அது போதும்மா எனக்கு. அத நெனச்சுத்தான் கூப்பிடுறேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் மோட்டரைப் பற்றிக் கேட்டாய். நான் நிறுத்தவில்லை தம்பி. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான் இல்லை. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இன்றைக்குக் காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்ட மோட்டர் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

ஹட்டனில் மோட்டர் பழுது பார்க்கிற பாஸ் ஒருவர் இருக்கிறார். மோட்டரைக் கழற்றாமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். அவரிடம் இதே கேள்வியை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கிணற்றுக்கு மேலே வைக்கிற மோட்டர், மழை படாமல், தண்ணீர் இல்லாமல் ஓடாமல், கரண்ட் குறைந்த நேரத்தில் போடாமல் பார்த்துக்கொண்டால் எட்டு வருஷம், பத்து வருஷம், சில வீடுகளில் பன்னிரண்டு வருஷம்கூட ஓடும் என்றார். தண்ணீருக்குள்ளேயே இறக்குகிற மோட்டர் இன்னும் கொஞ்சம் கூட உழைக்கும், ஆனால் மணல் உள்ள கிணறாக இருந்தால் அதற்கும் சீக்கிரமே சங்குதான் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, மோட்டர் தானா சாகுறது கொறவு. மனுசங்க சாகடிக்கிறதுதான் கூட" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் நான்கு மோட்டர் இருந்திருக்கிறது. அதில் மூன்றை நாங்கள் சாகடித்திருக்கிறோம்.

முதல் மோட்டரை உன் அப்பா வாங்கி வந்தபோது உனக்கு ஏழு வயது. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு மேட்டில் தனி வீட்டுக்கு வந்த புதிது. நமக்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. லயத்தில் இருந்த காலத்தில் பீலியில் ஒழுகுகிற தண்ணீருக்கு வாளியை வரிசையில் வைத்துவிட்டு, என் வாளி முந்தி, உன் வாளி முந்தி என்று மல்லுக்கு நின்றவர்கள் நாங்கள். கிணறு வந்தால் அந்தச் சனியன் ஒழிந்தது என்று நினைத்தோம். எங்கே ஒழிந்தது? நம் மோட்டர் அரை மணி நேரம் ஓடினால் பாக்கியத்தின் வாளியில் சேறுதான் வரும். "ஒங்க மெசினு எல்லாத்தையும் உறிஞ்சிட்டா நாங்க என்னத்தக் குடிக்கிறது, மண்ணையா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "வக்கிருந்தா நீயும் ஒன்னு வாங்கி மாட்டு" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தால் பைப் மூன்று துண்டாகக் கிடந்தது. அவள் புருஷன் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய கத்தியை எடுத்து, செடியை வெட்டுகிற அதே சாய்வில் வெட்டிப் போட்டிருந்தாள்.

நான் தலையில் மாட்டியிருந்த கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. கூடையோடே அவள் வாசலுக்குப் போனேன். கையில் கிடைத்தது தகர வாளி. முதல் வீச்சிலேயே அவளுடைய மேல்வரிசைப் பல் ஒன்று உடைந்து என் காலடியில் விழுந்தது. அவள் சும்மா விடுகிறவளா? என் முன்னங்கையைக் கவ்விப் பிடித்தாள், ரத்தம் வாயில் வடிகிற வரைக்கும் விடவில்லை. கூடையிலிருந்த கொழுந்தெல்லாம் கொட்டி, அதன் மேலேயே இரண்டு பேரும் புரண்டோம். என் கையில் உள்ள தழும்பைக் காட்டி நாய் கடித்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நாய் இல்லை, பாக்கியம். சத்தம் கேட்டு உன் அப்பா வந்தார். கசிப்புச் சாராய வாடை அவருக்கு முன்னால் வந்தது. எங்களை விலக்கிவிட வந்தவர், நேராகக் கிணற்றடிக்குப் போய், "இது இருந்தாத்தானேடி சண்டை!" என்று மோட்டரைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தார். அந்த மோட்டருக்கு ஆயுசு பதினான்கு மாதம். கிரீஸ் மிதந்த தண்ணீரை இரண்டு வீடும் ஒரு வாரம் குடிக்க முடியாமல் கிடந்தோம்.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்த பிறகு அப்பா என்னை அடித்தார். அவர் அடித்ததை நீ பார்த்திருக்கிறாய், பல நாள் பார்த்திருக்கிறாய். அப்பா அடிக்கிறவர், அம்மா பாவம் என்று நீ மனதில் வைத்திருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அது பாதி உண்மைதான் தம்பி. நானும் அடித்தேன். விறகுக் கட்டையால் அடித்திருக்கிறேன், அகப்பையால் அடித்திருக்கிறேன். அவர் போதையில் கால் தடுமாறுகிற நேரம் பார்த்துச் சுவரில் மோதவிட்டிருக்கிறேன். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், முகத்தில் என்ன காயம் என்று யாராவது கேட்டால் "தண்ணிக் கான்ல விழுந்துட்டேன்" என்பார். பொஞ்சாதி அடித்தாள் என்று எந்த ஆம்பிளை சொல்லுவான்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அடித்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். நாள் முழுக்க மலையில் வாங்கின ஏச்சும், முதுகு வலியும், அட்டைக் கடியும் எல்லாம் அந்த நேரம் மறந்து போகும். நல்ல பசி எடுக்கும். உட்கார்ந்து சோறு தின்பேன். இதை உன்னிடம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உனக்குப் பதினொரு வயதில் அப்பா போனார். கசிப்புக் குடித்துவிட்டு வருகிற வழியில், தேயிலைக்குள் கானில் குப்புற விழுந்து, ஒரு சாண் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தார். கானில் விழுந்தேன் என்று ஊருக்குப் பொய் சொன்ன மனுஷன் உண்மையிலேயே கானில் விழுந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மண் போட்டுவிட்டு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், உன் கையைப் பிடித்துத் தூக்கிக்காட்டி, "இவன் ஒரு நா அந்தக் கருமத்தத் தொட்டான்னா இந்தக் கைய முறிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்று கத்தினேன். சனங்கள் என்னை உட்கார வைத்தார்கள். தாய்ப் பாசம் என்று சொன்னார்கள். உன் கையை மட்டும் நான் விடவில்லை.

இரண்டாவது மோட்டர் ஐந்து வருஷம் உழைத்தது. நல்ல மோட்டர், இன்னும் ஐந்து வருஷம் போயிருக்கும். ஒரு நாள் சாயந்தரம் நான் மழையில் நனைந்து வந்து சுவிட்சைப் போட்டால், உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. அணைத்துப் போட்டேன், வரவில்லை. உதைத்தேன், வரவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் மண்டையில் நான்கு போடு போட்டேன், இரும்பு ஓடு பிளந்து போய்விட்டது. ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது பாஸ் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அக்கா, காத்துப் புடிச்சிருக்கு, அவ்வளவுதான். பைப்போட அடியில இருக்கிற வால்வுல எலை ஏதாச்சும் சிக்கித் தண்ணி கீழ எறங்கியிருக்கும். மேல மூடியத் தொறந்து ரெண்டு செம்புத் தண்ணி ஊத்தியிருந்தா பாட்டுக்கு ஓடியிருக்கும். இதப் போயி யாராவது அடிப்பாங்களா?" என்றார். நான் அடிப்பேன். வேலை செய்யாத எதையும் நான் அடிப்பேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மூன்றாவது மோட்டர் பூட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உனக்குப் பதினெட்டு. பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். மாசி மாதக் கடைசி, மழையைக் கண்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. நான் கீழ் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் காய்ச்சல் என்று அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. பதினொரு மணி இருக்கும், மேட்டு விளிம்பில் வந்து நின்று, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏண்டீ! ஒம் மகன் காலையிலேருந்து தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கான்! கூப்பிட்டா எந்திரிக்கக்கூட மாட்டேங்கிறான்! நீ என்னன்னு கேக்க மாட்டியா?" என்றாள். என் பக்கத்து நிரையில் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி, "அப்பா மாதிரியேவா?" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் காது அடைத்துப் போயிற்று.

மோட்டர் தண்ணீர் இறைக்கிறதற்கும் அதே சொல், சாராயம் குடிக்கிறதற்கும் அதே சொல், அடிக்கிறதற்கும் அதே சொல். நம் பாஷையில் இப்படி ஒரு கோளாறு இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. பாக்கியம் கிணறு வற்றுகிறதே என்ற வயிற்றெரிச்சலில் கத்தினாள். எனக்குக் கேட்டதோ கானில் குப்புறக் கிடந்த அந்த மனுஷனுடைய வாடை. கூடையை அங்கேயே போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஏறினேன். வழியெல்லாம் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஙொய்யென்று கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஏறினேன், ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

நீ பாயில் மல்லாந்து கிடந்தாய். வாய் திறந்திருந்தது. புத்தகம் நெஞ்சில் கிடந்தது, அது என் கண்ணில் படவில்லை. முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்துவிட்டு, காலையில் தொட்டி நிறையட்டும் என்று மோட்டரைப் போட்டு, அப்படியே அயர்ந்துவிட்டிருக்கிறாய். மோட்டர் பூட்டியபோது மிஞ்சிய இரும்புப் பைப் துண்டு ஒன்று, ஒரு முழ நீளம், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தோமே, அதை எடுத்தேன். காலால் உன்னை உதைத்து எழுப்பி, "சொல்லுடா, தண்ணி அடிச்சியா?" என்று கேட்டேன். நீ சிவந்த கண்ணைத் திறந்து, "ஆமாம்மா, தண்ணிதான் அடிக்கிறேன், நெறையட்டும்னு" என்றாய். ஆமாம்மா என்றதற்குப் பிறகு நீ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. முதல் அடி தோளில். நீ வலது கையைத் தூக்கித் தடுத்தாய். இரண்டாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த தேயிலை வாது முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முறிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது தம்பி. தெரிந்த பிறகும் அடித்தேன். "தண்ணிதாம்மா அடிச்சேன், தண்ணிதாம்மா" என்று நீ கதறக் கதற, செய்ததையும் செய்துவிட்டு ஒப்புக்கொள்கிறான் பார் என்று இன்னும் ஓங்கி அடித்தேன். நீ குப்புறக் கவிழ்ந்த பிறகு முதுகில் அடித்தேன். எத்தனை என்று தெரியாது. நீ சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாய். நான் நிறுத்தவில்லை. இதைத்தான் உனக்கு எழுத வேண்டியிருந்தது.

பின்னாலிருந்து என் கொண்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் மல்லாக்க விழுந்தேன். விழுந்தவளைத் தூக்கி நிலைக்கதவில் மடாரென்று மோதினாள் பாக்கியம். "கொல்லப் போறியாடி, பாதகத்தி! மோட்டரடி! நான் மோட்டரச் சொன்னேன்டி! கெணத்துத் தண்ணியச் சொன்னேன்டி!" என்று, ஒரு சொல்லுக்கு ஓர் அறை வீதம் என் கன்னத்தில் விட்டாள். காய்ச்சலில் அவள் கை நெருப்பாகச் சுட்டது. அந்த நேரத்தில்தான் வாடை வந்தது. கம்பி தீய்கிற வாடை. கிணறு எப்போதோ வற்றி, மோட்டர் வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டிருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னிடம் வரவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய், "ஐயோ மோட்டர் எரியுதே, மோட்டர் எரியுதே" என்று அதன் முன்னால் நின்று புலம்பினேன். சுவிட்சை அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அணைத்ததும் பாக்கியம்தான். உன்னைவிட ஒரு சாண் குட்டை அவள், காய்ச்சல்காரி. அவள்தான் உன்னை முதுகில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி ரோட்டுக்கு ஓடினாள். அவள் திரீவீலரை மறித்து உன்னை ஏற்றின பிறகுதான் நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அவள் ஒடுங்கிக்கொண்டாள். பின்னால் நான் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நீ கண்ணைத் திறந்தபோது உன் தலை என் மடியில் இருந்தது. அதனால்தான் நீ அப்படி நினைத்துவிட்டாய். நீ நினைத்ததை நான் திருத்தவில்லை.

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்" என்று டாக்டரிடம் சொன்னேன். நீயும் தலையை ஆட்டினாய். என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினாய். மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே, பரீட்சையும் எழுதாமல், பையை இடது தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நான் வாசலில் நின்றேன், போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன உரிமையில் சொல்வது? இரண்டு வருஷம் கழித்து, உன்னோடு வேலை செய்தவர் ஒருவர் ஹட்டனில் என்னைக் கண்டு, "ஒங்க மகன் நல்ல மேசன் பாஸ்ங்க, எடது கையாலயே அப்படிப் பூசுவாரு" என்று பெருமையாகச் சொன்னார். வாழைப்பழச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சந்தை நடுவிலே உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம்தான் எழுப்பிக் கூட்டி வந்தாள். உண்மையை அவள் உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் நம்பர் அவளிடம் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எவ வாயாலடி அந்தப் பேச்சு வந்துச்சு? என் வாயாலதானே? அந்தப் புள்ள ஒன்னப் பத்தி நல்லதா ஒன்னே ஒன்னு நெனச்சு வச்சிருக்கு, அதையும் நான் கெடுக்கவா?" என்றாள். பல் போன இடத்தில் காற்று வர, அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்காவது மோட்டரை நானும் அவளும் சேர்ந்து பூட்டினோம். காலையில் நமக்கு, சாயந்தரம் அவர்களுக்கு. இரண்டு வீட்டிலும் யாரும் தண்ணி அடிக்கிறது என்று சொல்வதில்லை. மோட்டர் போடுறது, மோட்டர் அணைக்கிறது, அவ்வளவுதான். பதினொரு வருஷம் ஆகிவிட்டது தம்பி, இன்னும் ஓடுகிறது. தரையில் வைக்காமல் கல் அடுக்கிச் சிமெந்துத் திட்டுக் கட்டி, மேலே தகரம் போட்டிருக்கிறோம். பைப்பின் அடியில் உள்ள வால்வை மாரிக்கு முன்னால் ஒரு தடவை கழற்றிக் கழுவுகிறோம். லைட் மங்கலாக எரிந்தால் மோட்டர் போடுவதில்லை. கெப்பாசிட்டர் இரண்டு தடவை போயிற்று, தண்ணீர் கசிகிற சீல் ஒரு தடவை மாற்றினோம், இப்போது பெயாரிங் கொஞ்சம் கரகரக்கிறது. ஓடும்போது நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நிற்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டேன். பாக்கியம் கேலி பண்ணுவாள், "என்னடி, கைக்கொழந்தையா, தொட்டில் கட்டிவிடவா?" என்பாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். யாரும் கை வைக்காவிட்டால் பத்து வருஷத்துக்கு மேலே ஓடும். உங்கள் ஊரில் வெயில் கூட, கிணறு சீக்கிரம் இறங்கும். அதனால் தண்ணீர் குறைந்தால் மோட்டரைத் தானாக நிறுத்துகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, பாஸ் சொல்லி வாங்கியிருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. வேறு எதைப் பூட்டுவதற்கும் முன்னால் அதைப் பூட்டு. ஒருத்தர் தூங்கிவிட்டால்கூடப் பாதகமில்லாமல் இருக்க வேண்டும்.

துஷாந்தியும் என்னோடு பேசினாள். நல்ல பிள்ளை. "நீங்கள் இஞ்ச வந்து எங்களோடயே இருங்கோ மாமி, நாளைக்குப் பிள்ளையள் பிறந்தாலும் பாக்க ஆள் வேணுமெல்லோ" என்றாள். பிள்ளைகளை என் கையில் தருகிறாளாம். போனைப் பிடித்திருந்த என் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயதாகிவிட்டது, மாறிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன மாதம் ஹட்டன் பஸ்ஸில் ஒரு கண்டக்டரை அறைந்தேன். பாக்கியம் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவன் விசிலை ஊதிவிட்டான், அவள் ரோட்டில் விழுந்து முழங்கால் உரிந்தது. அறைந்த பிறகு எனக்கு அதே லேசு வந்தது தம்பி. அதே பசி வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் சரியான பொம்பளை என்று கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். இந்தக் கை எங்கேயும் போய்விடவில்லை, எனக்குள்ளேயேதான் இருக்கிறது.

ஆகையால் ஒன்று செய். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. துஷாந்திக்கும் வாசித்துக் காட்டு, முறிந்ததையும், முறிந்த பிறகு அடித்ததையும், மோட்டருக்கு முன்னால் நின்று அழுததையும் விடாமல் வாசி. வாசித்த பிறகு இரண்டு பேரும் யோசியுங்கள். கூப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அதற்கும் வேண்டாம் என்றால் அதையும் சொல்லு. பாக்கியத்துக்கு மட்டும் ஒரு போன் போடு. பதினெட்டு வயதுப் பிள்ளையை முதுகில் சுமந்தவளுக்கு ஒரு வார்த்தை இன்னும் போய்ச் சேரவில்லை.

கூப்பிட்டால் வருகிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறேன், பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் அங்கே வந்த பிறகு, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், நான் யாரைப் பார்த்தாவது கையை ஓங்குவேன். தொட்டியை வழியவிட்டதற்காகவோ, பாலைக் கொட்டியதற்காகவோ, ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கூட ஓங்குவேன். அன்றைக்கு அங்கே பாக்கியம் இருக்க மாட்டாள். நீதான் ஓடி வர வேண்டும். பெற்றவள் ஆயிற்றே என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. பின்னாலிருந்து வந்து என் கொண்டையைப் பிடித்து இழு. முடி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது தம்பி, ஆனால் உன் இடது கைக்கு அது போதும்.